மூணாவது டம்ளர்

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள் நான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், நில வரி என்று எருத்தேன்பதியில் யார் எதை ஆன்லைனில் போட வேண்டுமானாலும் என் கம்ப்யூட்டர் சென்டருக்குத்தான் வருவார்கள். மலையாளத்தில் இருக்கும் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்லி, இங்கே கையெழுத்துப் போடுங்கள், இங்கே போடாதீர்கள் என்று விரல் வைத்துக் காட்டுவேன். அப்படிப்பட்ட நான் என் சொந்தக் காரின் இன்சூரன்ஸ் தாளை நான்கு வருடம் திறந்தே பார்க்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். (ஏற்கெனவே வந்துதான் இருக்கிறது.)

சொந்தக் கார் என்று சொன்னேன் அல்லவா, அதுவே முழு உண்மை இல்லை. பணம் என்னுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கீபோர்டைத் தட்டித் தட்டிச் சேர்த்தது. ஓட்டுவதும் நான்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் தனலட்சுமி. அவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம்.

எங்கள் ஊர் கேரளாவின் கிழக்கு ஓரம். கொஞ்ச தூரம் போனால் செக்போஸ்ட், தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் சாலை வரி குறைவு. ஆகவே இங்கே கார் வாங்கும் ஆள் முதலில் ஷோரூமுக்குப் போக மாட்டான். பொள்ளாச்சிப் பக்கம் நமக்கு யார் சொந்தம் என்று யோசிப்பான். எருத்தேன்பதி வாசல்களில் நிற்கும் பாதிக் கார்கள் தாய்மாமன், மச்சான், சின்னம்மா மகன் பெயரில் டி.என். நாற்பத்தொன்று நம்பரோடு நிற்கும். எங்களுக்குப் பொள்ளாச்சிக்கு அருகில் நங்கையா இருந்தார்.

"அக்கா பேர்ல போட்டுக்கலாம்" என்றார் என் கணவர் செந்தில். "அவ வந்து ஓட்டீட்டா போயிருவா?"

ஓட்டிக்கொண்டு போகமாட்டார்தான். அவருக்கு லைசென்ஸே கிடையாது. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்சூரன்ஸ் போட ஒரு ஏஜெண்ட் சென்டருக்கே வந்தார். அன்று பென்ஷன் கூட்டம். நான் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பம்பர் டு பம்பர் போட்டறலாமுங்களா? தேய்மானம்னு புடிக்காம முழுசாக் குடுப்பாங்க."

"போடுங்க."

"மழைத்தண்ணி இன்ஜினுக்குள்ள போனா அதுக்கொண்ணு இருக்குதுங்க. சாவி தொலைஞ்சா அதுக்கொண்ணு. சம்பளத்துக்கு டிரைவர் வெச்சா அவருக்கும் ஒண்ணு."

"எல்லாத்தையும் போடுங்க."

எருத்தேன்பதியில் இன்ஜினுக்குள் மழைத்தண்ணீர் போக வேண்டுமானால் நாமே குடத்தில் எடுத்துப் போய் ஊற்றினால்தான் உண்டு. அதற்கும் காப்பு வாங்கினேன். நாமினி, ஓனர் டிரைவர் என்று அவர் ஏதேதோ கேட்டது அரைகுறையாகக் காதில் விழுந்தது. ஆர்.சி.யில் இருக்கிறபடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவரின் கைரேகையை மெஷினில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

இதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. நான் இன்சூரன்ஸ் பற்றிப் பாடம் நடத்தவும் ஆரம்பித்தேன். பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி போட்டுவிட்டு, கீழே விழுந்து ஹெட்லைட் உடைந்ததும் கிளெய்ம் கேட்டு வரும் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டீ டம்ளர்களை மேஜைமேல் வரிசையாக வைப்பேன். "ஒண்ணாவது டம்ளர் நீங்க. ரெண்டாவது டம்ளர் கம்பெனி. நீங்க போயி இடிக்கிறீங்க பாருங்க, அந்த ஆளு மூணாவது டம்ளர். தேர்டு பார்ட்டி போட்டா அந்த ஆளுக்குத்தான் காசு. உங்க ஹெட்லைட்டுக்கு இல்ல. அதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடோணும்." எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான்கு வருடம் இப்படி டம்ளர் நகர்த்தியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கையா புது வீடு கட்டினார். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வீட்டைவிட அவருக்குக் கேட் மீதுதான் ஆசை. இரண்டு கதவிலும் இரும்புத் தகட்டில் ஆளுக்கொரு மயில் வெட்டி, ஒன்றை ஒன்று பார்ப்பதுபோல வைத்திருந்தார். திங்கட்கிழமை நாங்கள் வாழை இலைக் கட்டும் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு போனோம். பின் கண்ணாடி முழுக்க வாழை இலை. சாமான் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று காரைத் திருப்பி, ரிவர்ஸில் உள்ளே விடப் பார்த்தேன்.

செந்தில் இறங்கிப் பின்னால் நின்று "வா, வா, வரலாம், வா" என்றார். வந்தேன். அவர் இடது பக்கம் நின்று இடது பக்கத்தை மிகப் பத்திரமாகக் காப்பாற்றினார். வலது பக்கத் தூண் சரிந்தது. அதோடு சேர்ந்து கேட்டும் சாய்ந்தது. சத்தம் அடங்கிய பிறகும் அவர் "வா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நங்கையா வெளியே ஓடி வந்து பார்த்தார். வலது பக்க மயிலின் கழுத்து வளைந்து தன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல காரியத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப இப்படியாயிப் போச்சே அம்மிணி" என்று கண்கலங்கினார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, "செரி, வெல்டருக்குப் போன் பண்ணறேன். நாளைக்குள்ள நிமித்தித் தந்துருவாரு" என்றார்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பந்தல்காரர், சமையல்காரர், சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போகிற அவசரம்.

"யாரும் தொடக்கூடாதுங்க" என்றேன். "கேட்டு இப்படியே கெடக்கோணும். கம்பெனி சர்வேயர் வந்து பாத்தாத்தான் கிளெய்ம் ஆகும். நான் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கறேன். தேர்டு பார்ட்டியில உங்களுக்குப் புதுக் கேட்டே வரும் நங்கையா. இதைவிடப் பெரிய மயிலா வெச்சுக்கலாம்."

கூட்டம் என்னை மரியாதையோடு பார்த்தது. நங்கையாவும் போனைக் கீழே வைத்தார். எல்லாம் தெரிந்தவள் சொல்லும்போது அவர் என்ன செய்வார், பாவம்.

செவ்வாய் போனது, சர்வேயர் வரவில்லை. கார் மட்டுமென்றால் ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக்கொள்வார்களாம். கேட்டும் இருக்கிறது, இங்கேதான் வர வேண்டும் என்று நான் போனில் அடம்பிடித்தேன். புதனும் போனது. விழுந்த கேட்டைத் தாண்டித் தாண்டிச் சமையல் சாமான் வந்து இறங்கியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று துக்கம் விசாரித்தார்கள். வியாழக்கிழமை காலையில் வெல்டரே வந்து கேட்டார். சர்வே முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் காங்கேயத்தில் வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார். மத்தியானம் சர்வேயர் வந்தார்.

பைலை விரித்து உட்கார்ந்தார். நங்கையா எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

"ஆர்.சி. ஓனர் யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானுங்க." நான்கு வருடத்தில் அந்தக் காரின் ஓனராக அவர் உட்கார்ந்தது அன்றுதான். முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"வண்டி ஓட்டுனது?"

"இந்த அம்மிணிங்க."

"சொந்தமுங்களா, சம்பளத்துக்கு வெச்ச டிரைவருங்களா?"

"தம்பி சம்சாரமுங்க. சம்பளமெல்லாம் குடுக்கறதில்லீங்க" என்றார் நங்கையா, ஒரு பொய்கூடக் கலக்காமல். "வந்தாச் சோறு போடுவோம்."

சர்வேயர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பின் பம்பரைச் சுற்றிப் பார்த்தார். பம்பர் டு பம்பர் இருப்பதால் கார் வேலை முழுசாக ஆகிவிடும் என்றார். நான் கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, "கேட்டு?" என்றேன்.

"கேட்டு யாருதுங்க?"

"எங்களுதுங்க. ஊடு எம் பேர்லதானுங்க இருக்குது" என்றார் நங்கையா.

சர்வேயர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை என்னால் மன்னிக்கவே முடியாது. தன் டீ டம்ளரை எடுத்து நடுவில் வைத்தார். நங்கையாவின் டம்ளரைப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணாவது ஆளு இந்தம்மாங்க. ரெண்டாவது கம்பெனி. இந்தம்மா காரு, இந்தம்மா கேட்டையே இடிச்சிருக்குது. தேர்டு பார்ட்டிக்கு மூணாவது ஆளு வேணுமுங்க. மூணாவது டம்ளர் எங்கீங்க?"

நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கொண்டுபோய் அவர் முன்னால் ஓங்கி வைத்தேன். "நான் இருக்கறனுங்க."

"நீங்க டிரைவருங்க" என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த பாலிசித் தாளைப் பிடுங்கினேன். அப்போதுதான், அந்த நான்கு வருடத்தில் முதல் தடவையாக, அதை வாசித்தேன். ஓனர் டிரைவருக்கு விபத்துக் காப்பு என்று ஒரு வரி. ஓனர் தனலட்சுமி. நாமினி, தனலட்சுமியின் வீட்டுக்காரர். அதாவது ஸ்டியரிங்கையே தொடாத நங்கையா இந்தக் காரை ஓட்டிப்போய் இறந்தால் அவர் கணவருக்குப் பணம் வரும் என்று நான் வருடா வருடம் பிரீமியம் கட்டியிருக்கிறேன்.

"அவங்களுக்கு லைசென்ஸ் இல்லீன்னா அதும் செல்லாதுங்க" என்றார் சர்வேயர்.

"அப்ப நான் செத்தா?"

"சம்பளத்துக்கு வெச்ச டிரைவருக்கு ஒரு காப்பு இதுல இருக்குதுங்க. உங்களுக்குத்தான் சம்பளம் இல்லீன்னு சொல்லீட்டாங்களே."

"நீ எதுக்கு அம்மிணி சாகோணும்?" என்று நங்கையா உண்மையான கவலையோடு என் முதுகைத் தடவினார். செந்தில் மட்டும் சட்டென்று வாழைத்தார் கட்டுகிற பக்கம் போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவதை நான் பார்த்தேன். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வெல்டர் காங்கேயத்தில். மறுநாள் கிரகப்பிரவேசம். கேட்டைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டினோம். இடிந்த தூணுக்கு முன்னால் இரண்டு வாழை மரம் நட்டு, மாவிலைத் தோரணம் கட்டி மறைத்தோம். நான் கடன்பட்டவள்போல எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்தேன். காலையில் முதலில் பசுவையும் கன்றையும் உள்ளே கூட்டிப் போக வேண்டும். பசு வாசலில் நின்றது. வாழை மரத்தைப் பார்த்தது. இலை எல்லாவற்றையும் தின்று முடித்து, தூண் முழுசாக ஊருக்குத் தெரிந்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தது.

நங்கையா ஐயர் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். வெல்டரைத் தடுத்தது நான். அவர் ஆசையாக வைத்த மயிலை நாலு நாள் மண்ணில் போட்டு வைத்ததும் நான். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

மத்தியானம் பந்தி. எங்கள் பக்கத்தில் எந்த விசேஷத்திலும் கடைசிப் பந்திக்கு முன்னால் யாராவது ஒருவர், வேன் ஓட்டி வந்தவர்கள் மறந்துபோயிருக்கக் கூடாது என்று, டிரைவர் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். அன்றைக்கு அந்த வேலையை நங்கையாவே எடுத்துக்கொண்டார். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து, முந்நூறு பேருக்குக் கேட்கும்படி,

"ஏனுங்க, நம்ம டிரைவர் சாப்டாச்சா?" என்றார்.

வியாழக்கிழமை சர்வேயரோடு இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அவர்களே விளக்கம் சொன்னார்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது. நங்கையாவும் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். தலை குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதமே வேலையை ஆரம்பித்தேன். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, மிச்சம் பிடித்ததாக நினைத்த வரியையெல்லாம் இங்கே கட்டி, காரை என் பெயருக்கு மாற்றினேன். இப்போது அது கே.எல். எழுபது. புதுப் பாலிசியைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். நாமினி இடத்தில் செந்தில் பெயரைப் போட வேண்டியிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா" என்று சொல்கிற ஆளையே நாமினியாகப் போடுவது புத்திசாலித்தனமா என்று மூன்று நாள் யோசித்துத்தான் போட்டேன்.

நங்கையா தூணைக் கட்டினார், கேட்டை மாட்டினார். வலது பக்க மயிலின் கழுத்தை மட்டும் நிமிர்த்த விடவில்லை. வருகிறவர்களிடம் "எங்க டிரைவர் இடிச்சதுங்க" என்று காட்டுகிறார். இன்றுவரை ஒரு கல்யாணம், ஒரு சீர், ஒரு கருமாதிகூட விடாமல், எந்தப் பந்தலானாலும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. போன மாதக் கல்யாணத்தில் பரிமாறுகிறவருக்கு விவரம் தெரியாது. நிஜமாகவே இலையை எடுத்துக்கொண்டு வந்து, "டிரைவர் யாருங்க?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

என் பெயர் போட்ட ஆர்.சி. எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்டலாம் என்று ஜிப்பைத் திறந்தேன். பசியாக இருந்தது. "நானுங்க" என்று சொல்லி இலையை வாங்கிக்கொண்டேன்.