பெரட்டு அண்ணன் வெட்டாத பேர்

பதுளையில் மனிதர்களுக்குப் பெயர் கூப்பிட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராம்களுக்குத் தினமும் காலை ஏழரைக்கு எழுந்து நின்று பெயர் கூப்பிட்டவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பெரட்டு அண்ணன்.

தோட்டத்துப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் பேர் போட மாட்டார்கள். அன்றைக்கு வேலையும் இல்லை.

எங்கள் அலுவலகம் பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தோட்டங்களின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குத் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. ஐந்து பேர் தட்டுவோம். எல்லாம் ஒரே ஒரு யுனிக்ஸ் சர்வரில் போய்ச் சேரும். யாரோ வேண்டாம் என்று தானம் கொடுத்த சர்வர் அது. அதற்குப் பொறுப்பு அண்ணன். ஏசி அறை என்பதால் கழுத்தில் மப்ளர், ஏசி ஒழுகும் என்பதால் காலில் முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ். இந்தக் கோலத்தில் திரையைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். "மெயிலு... இருக்கு. பிரிண்டரு... இருக்கு. டேட்டாபேஸு... எங்க போன? ஆங், இருக்கு." அவர் முடிக்கும்வரை நாங்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது.

சர்வரில் மெமரி கொஞ்சம், வேலை மலையளவு. மெமரி நிறைந்துவிட்டால், சும்மா இருக்கும் புரோகிராம்களை ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுப்பார்கள். அந்த இடத்துக்கு ஸ்வாப் என்று பெயர். எனக்கு இது விளங்காமல் நான் விழித்தபோது அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. நானும் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவள்தானே.

"லயத்துல பொறந்த புள்ளைக்கு இதயெல்லாம் சொல்லித் தரணுமா? ஒங்க காம்பராவுல கல்யாணம் வந்தா பொட்டி, சட்டி, பாய எல்லாம் எங்க வப்பீங்க?"

"பக்கத்துக் காம்பராவுல, அண்ணே."

"வேணும்னா?"

"ஓடிப்போய் எடுத்துட்டு வருவோம்."

"அதேதான் ஸ்வாப்பு. எடுத்துட்டு வர நேரமாகும். ஆனா ஒரு சாமானும் தொலையாது."

சொன்னதோடு விட்டாரா? ஸ்வாப்புக்கென்று ஒரு கோப்பு செய்தார், அதற்கு 'மேல்லயம்' என்று பெயர் வைத்தார். அது நிறைந்ததும் 'கீழ்லயம்' கட்டினார். அப்புறம் 'புதுலயம்'. மேல்லயம் நிறைந்த பிறகே கீழ்லயத்துக்கு ஆள் போகவேண்டும் என்று முன்னுரிமை எண்ணும் கொடுத்தார். டிஸ்க் நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பெயரைத் தேடக் கொடுத்துவிட்டுக் கீழே போய் இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம்.

கொழும்பிலிருந்து எங்கள் சர்வரை மேற்பார்வை செய்த எஞ்சினியர் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். "அண்ணன், யூஸ் பண்ணாத செஷனெல்லாம் கில் பண்ணிட்டு ரீபூட் பண்ணுங்க. ஸ்வாப் எல்லாத்தையும் எடுத்துவிடுங்க."

"கில்லா? வேலைக்கு வந்தவன பெரட்டுலேருந்து திருப்பி அனுப்புற பழக்கம் எங்கிட்ட இல்ல தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவர் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அவருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில், அவர் அம்மா பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போயிருக்கிறார். பேர் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வெறுங்கூடையோட திரும்பி வந்துச்சு. என்னாலதான்னு எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் அந்தப் பெயர் கூப்பிடுதலைக் கேலி செய்ததில்லை. செய்தோம், அவர் இல்லாத நேரத்தில்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பார்வதி அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். அறுபதைத் தொட்டவர். பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை, அதனால் பாஸ்போட்டும் இல்லை. சின்ன வயதில் கப்பலேறித் திருச்சிக்குப் போய்விட்ட அவருடைய அக்காவுக்கு அங்கே கண் மங்கிக்கொண்டு வந்தது. "அவளுக்குப் பார்வ இருக்கையிலயே நான் போயிரணும் தங்கச்சி" என்பார். கடைசியில் அவர் தோட்டத்துப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. நான்கு நாள் தட்டினேன். பார்வதி அக்காவின் பெயரும் அதில் இருந்தது. ஒரு பதிவேடு முழுக்க முடிந்து, தட்டியவரின் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் எங்கள் புரோகிராம் எதையும் சேமிக்கும். கடைசிப் பெயரைத் தட்டினேன். பாஸ்வேர்டுக்குக் கை போகுமுன் எனக்குப் பிரசவ வலி வந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவேடு தோட்டத்துக்குத் திரும்பிப் போனது. அந்த மாத மழையில் தோட்டத்து ஆபீஸ் கூரை ஒழுகி, பதிவேடு ஊறிக் கூழாகிவிட்டது. அந்தப் பெயர்கள் உலகத்தில் இனி ஒரே இடத்தில்தான் இருந்தன: நான் பாதியில் விட்டுப்போன செஷனில், கீழ்லயத்தில். என் பாஸ்வேர்டு இல்லாமல் அதைத் திறக்க முடியாது, சர்வர் ஒருமுறை நின்றாலோ எல்லாம் போச்சு.

அதுவோ கரண்ட் நாளுக்குப் பல மணி நேரம் நின்ற காலம். எங்கள் யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அண்ணன் கீழே ஹாட்வெயார் கடைக்கார நானாவின் லொறி பேட்டரியைக் கழற்றி, தினமும் தோளில் வைத்து மாடியேற்றி, இன்வேட்டரில் பூட்டினார்.

"பேட்டரிய நீ கொண்டு போனா நான் லொறிய தள்ளிக்கிட்டா போற?" என்பார் நானா.

"ஒரு அம்மா பேரு மேல இருக்கு நானா. கரண்டு வந்ததும் தந்துருவேன்."

கொழும்புத் தம்பி ரீபூட் பண்ணச் சொல்லி எழுதினான், எச்சரித்தான், கடைசியில் வேலை போகும் என்றான். அண்ணன் அவன் ரிமோட்டில் வரும் கேபிளையே பிடுங்கி மப்ளருக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம். என் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாஸ்வேர்டைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். லீவு முடிந்து வந்த நான் தலையில் அடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டேன்.

"பச்ச ஒடம்புக்காரிக்கிட்ட போன் பண்ணி ரகசியம் கேக்குறதா? ஒங்க வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றார், தோளைத் தேய்த்துக்கொண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. பார்வதி அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை அசையவில்லை. டிஸ்க் அரைத்தது. ஒரு நிமிடம் ஆனது, இரண்டானது.

"பொறுங்க தங்கச்சி. பக்கத்துக் காம்பராவுலேருந்து பொட்டிய தூக்கிட்டு வர்றாங்க" என்றார் அண்ணன். மப்ளர் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வந்தது. ஒரு பெயர் குறையாமல் வந்தது. அண்ணன் எழுந்து நின்று மப்ளரைச் சரிசெய்துகொண்டு, ஏழரைக் குரலில் வாசித்தார். "பார்வதி."

"இருக்கேங்க" என்று பெஞ்சிலிருந்து எழுந்தார் அக்கா.

அடுத்த வருடம் அவர் திருச்சிக்குப் போய், தன் அக்காவைப் பார்த்து, அக்காவாலும் பார்க்கப்பட்டுத் திரும்பினார்.

வேலை போகும் என்றவர்கள் அண்ணனை விட்டுவைத்தார்கள். அவரே வயதாகி ஓய்வு பெற்றார். போன தை மாதம் காலமாகிவிட்டார். கொழும்புத் தம்பியே இப்போது பதுளைக்கு மாற்றலாகி வந்திருக்கிறான், நல்ல பிள்ளை. போன வாரம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். மேல்லயத்தில் ஒரு செஷன் வெகுகாலமாகச் சும்மா கிடந்தது. அண்ணனுடையது. ஓய்வு பெற்ற அன்று மூட மறந்திருக்கிறார்.

"அக்கா, இத கில் பண்ணவா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதரை நான் அவ்வளவு நேசித்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வேணாம் தம்பி. பேர வெட்டாதீங்க. கொஞ்சம் பிந்தி வருவாரு."