ஊரின் முதல் கடை யாருடையது என்பது பற்றி பாவாவுக்கு

மதிப்பிற்குரிய பாவா சிவப்பிரகாசம் அவர்களுக்கு, மைத்துனன் சிங்காரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அரக்கோணத்தில் நீங்களும் அக்காவும் சுகம்தானே?

கடையை மூடிவிடப் போகிறேன், பாவா. அறுபத்து மூன்று வயதாகிறது. காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இடுப்பு கீழேயே நின்றுவிடுகிறது. ஆனால் காரணம் இடுப்பு அல்ல, சரித்திரம்.

நம் ஊர்ப் பள்ளிக்கு நூறாவது ஆண்டு மலர் போடுகிறார்கள். மோகனப்ரியா டீச்சர் வந்து, "ஊர்ல மொதல் கடை உங்களுதுதானாமே சார், ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நானும் பெருமையாக, 1951இல் எங்கள் தாத்தா ஆரம்பித்த கடை என்று எழுதி, சும்மா இராமல் அதையே ஃப்ளெக்ஸாக அடித்துக் கடை வாசலில் கட்டினேன். பக்கத்துக் கடை குமரேசன் என் சித்தப்பா மகன் என்பதும், தாத்தா கடைக்கு நடுவில் சுவர் வைத்துப் பிரித்த நாளிலிருந்து பதினைந்து வருடமாக நாங்கள் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "தாத்தா உக்காந்த எடம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் உப்பு மூட்டைதான் கெடந்துது." மறுநாள் அவன் வாசலில் '1950 முதல்'. நான் 1947க்குப் போனேன். அவன் 1942க்குப் போனான். மூன்றாவது முறை திருத்தணிக்குப் போனபோது ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். "இன்னும் பின்னாடி போனா கல்வெட்டுதான் வெட்டணும்ணா, எங்கிட்ட உளி இல்ல."

நாங்கள் இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்க, ஜனங்கள் எல்லாம் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை மேலத்தெரு கௌரியம்மாள் பெருங்காயம் வாங்க வந்தார். தொண்ணூறு வயது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். "இன்னாடா எழுதிக்கிது?" என்றார். படித்துக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் குமரேசனும் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"உங்க தாத்தாவா? அவன் அந்தக் கடையில மூட்டை தூக்கினு இருந்தான்டா. கடை ஜெயம்மாளுது. நகரி பக்கத்துலேர்ந்து வந்தவ, புருசன் இல்ல, புள்ள இல்ல. உப்பு, புளி, தறிக்காரங்க நூலுக்குப் போடுற கஞ்சி மாவு, எல்லாம் ஒத்த ஆளா வெச்சி வித்தா. கண்ணு போனதும் கடையை உங்க தாத்தா கையில குடுத்துட்டா. சாவுற வரைக்கும் அவன்தான் சோறு போட்டான். அத எழுதுங்கடா."

எழுபது வருடமாக எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தப் பெயரை ஒருவர்கூடச் சொன்னதில்லை, பாவா. நான் பிறந்து வளர்ந்து தலை நரைத்தது அந்த அம்மாள் கடையில். அவர் முகம் எப்படி இருக்கும் என்று கௌரியம்மாளிடம் கேட்டேன். "பல்லு எடுப்பு" என்றார். அவ்வளவுதான் மிச்சம்.

ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன். அவனும் அவிழ்த்தான். டீச்சருக்கு ஜெயம்மாள் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு மனசு விட்டுப்போயிற்று. உங்கள் தெருவில் மாடி ஏறத் தேவையில்லாத சின்ன வீடு ஒன்று பாருங்கள். ஆவணியில் வந்துவிடுகிறோம்.

அக்காவுக்கு என் வணக்கம். தணிகை முருகன் தன் மலைப்படிகளை ஏறும் தெம்பை நம் எல்லாருக்கும் மிச்சம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன
சிங்காரம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது குமரேசன் எதிரில் வந்து நின்றான். "அண்ணா, எம்பொண்ணு மோனிஷாவுக்கு மெட்ராஸ்ல பிரசவம். அவ அங்க தனியா கீறா. நானும் வூட்டுக்காரியும் போறோம், மூணு மாசம் ஆவும். கடையைப் பாத்துக்கோண்ணா" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் சாவியை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். வீடு பார்க்க வேண்டாம், பாவா. நாளைக்குக் காலையில் இரண்டு ஷட்டர் தூக்க வேண்டும்.