மாட்டுக் கொட்டிலில் மணவறை

மெல்பேர்னில் கொம்பாஸ் அங்கிள் வாஸ்துப் பிழை காணாத தமிழ் வீடு கிடையாது. அத்திவாரம் மட்டும் போட்ட வீட்டிலேயே மூன்று பிழை கண்டவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் புறநகரான கிரெய்கிபர்னில் யார் வீடு வாங்கினாலும், சட்டைப்பையில் திசைகாட்டியோடு வாசலில் வந்து நிற்பார். ஒரு வீட்டில் ஈசான மூலையில் கழிவறை இருக்கிறதென்று, நீட்டிய பொங்கலைக்கூடத் தொடாமல் வெளியேறினார். அந்தக் குடும்பம் ஆறு மாதம் கழிவறையைப் பூட்டி வைத்திருந்தது.

2011இல் எனக்கும் மேகலாவுக்கும் கல்யாணம் பேசினார்கள். குறித்த முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், நூறு வயது கடந்த வட்டமான கொட்டகை ஒன்றுதான் மிஞ்சியது. மேகலாவின் தாயார், நான் அன்ரி என்று கூப்பிடுபவர், கேட்டதும் கொதித்துவிட்டார்.

“மாட்டுக் கொட்டிலிலையோ என்ரை மகளுக்குக் கலியாணம்? கொம்பாஸ் அண்ணை ஓம் எண்டால்தான் ஓம். இல்லையெண்டால் அடுத்த வருசம் பாப்பம்.”

அடுத்த வருடத்துக்குள் அன்ரி வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மேகலாவை இழக்க எனக்கு மனமில்லை.

அங்கிள் வந்தார். கொட்டகைக்குள் ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூலை பார்த்தே பழகிய மனுசனுக்கு ஒரு மூலைகூட அகப்படவில்லை.

“தம்பி, ஏன் இதை இப்பிடிக் கட்டினவங்கள் எண்டு கேள்.”

பண்ணைக்காரக் கிழவர் உற்சாகமாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். நடுவில் வைக்கோல் குவியல். சுற்றிவர மாடுகள், தலையெல்லாம் உட்பக்கம். நடுவில் நிற்கிற ஒரே ஆள் அதிகம் நடக்காமல் எல்லாவற்றுக்கும் தீனி போடலாம். கூரைக்கு நடுத்தூண் இல்லை. பீப்பாய்க்குப் போடுவதுபோல் பலகைச் சுவரைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருக்கிறது.

“மாடுகள் எப்பிடி இருந்ததுகளாம்?”

“கொழுத்து, நல்லா இருந்ததுகளாம், அங்கிள். பாலும் குறையேல்லையாம்.”

அங்கிள் திசைகாட்டியை எடுத்தார். பார்த்தார். தட்டினார். இடம் மாறி நின்று மறுபடியும் பார்த்தார். முகம் கறுத்தது. அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திசைகாட்டியைப் பைக்குள் போட்டார்.

“தங்கச்சி, மூலை இருந்தால்தானே பிழை இருக்கும்? மணவறையை நடுவிலை வையுங்கோ. சாப்பாடும் ஆருக்கும் குறையாது.”

அன்ரி அந்த இடத்திலேயே ஓம் என்றார். அங்கிளைக் கார் வரை கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டேன்.

“அங்கிள், உண்மையா ஒரு பிழையும் இல்லையோ?”

“எனக்கென்னடா தெரியும்? அந்த இரும்புக்கு ஊசி பேய் பிடிச்ச மாதிரிச் சுத்துது. வடக்கு எங்கை எண்டே தெரியேல்லை. உன்ரை முகத்தைப் பாக்கச் சகிக்கேல்லை, அதுதான் சொன்னனான். அன்ரிக்குச் சொல்லிப்போடாதை.”

கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே எங்கள் யூனிட் வீட்டுக்கு வந்தார். கட்டில் பிழை, கதவு பிழை, ஜன்னலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியும் பிழை. மேகலா முறைத்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எனக்காகத் தன் சாத்திரத்தையே ஒருமுறை விட்டுக்கொடுத்த மனுசன். எத்தனை பிழை வேண்டுமானாலும் சொல்லட்டும், அடிக்கடி வந்தால் போதும்.