அவர் மூக்கும் என் ரத்தமும்

வரதோலி, பா டவுன், பிஜி
ஆகஸ்டு, 2007

ஆக்லாந்துக் குளிரிலும் வெள்ளிக்கிழமை விளக்கை அணையவிடாத என் ரஞ்சனா அக்காவுக்கும், அக்கா பேச்சைத் தட்டாத அத்தானுக்கும், தங்கை சுஷீலா இரண்டு கையும் கூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்னால் ஒரு மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. சங்கம் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் பிரம்படி வாங்கிப் படித்த எழுத்து இது. என் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. மகள் க்ருதிகாவுக்கு இரண்டுமே வராது, அவளுக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். ஆகையால் உலகத்திலேயே இந்தக் கடிதம் உனக்கு மட்டும்தான் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் வருஷம் மே மாதம் துப்பாக்கியோடு ஆட்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து உள்ளே இருந்தவர்களை அடைத்துவைத்தார்கள் அல்லவா, அதே மாதம்தான் இவர் மூக்கும் அடைத்துக்கொண்டது. பார்லிமென்டை அடுத்த வருஷம் தேர்தல் வைத்துத் திறந்தார்கள். போன டிசம்பரில் பட்டாளத்துக்காரர்கள் திரும்பவும் மூடினார்கள். இவர் மூக்கு மட்டும் நடுவில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. பட்டறையில் கார்களின் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கிறவர் ஆயிற்றே, தூசியாக இருக்கும், தானாகப் போய்விடும் என்று இருந்தோம். தூசி போகவில்லை, வாசனைதான் போயிற்று. பெயின்டும் தெரியாது, மீன் குழம்பும் தெரியாது, சர்க்கரை மில் ஓடுகிற மாதத்தில் ஊரையே தூக்கும் அந்தப் பாகு வாடையும் தெரியாது. பேச்சும் மாறிவிட்டது. ‘ம’ என்ற எழுத்து அவர் வாயில் ‘ப’ ஆகிவிடும். போன மாரியம்மன் திருவிழாவில் தீமிதிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, “பாரியப்பா, எங்களைக் காப்பாத்துப்பா!” என்று உருகி வேண்டினார். பூசாரி கையில் தட்டோடு நின்றுவிட்டார். “யாருப்பா அது பாரியப்பன்? இந்தக் கோயில்ல அப்படி ஒரு சாமி கெடயாதே?” என்று கேட்டார். இனி இந்தக் கடிதத்தில் அவர் பேச்சை நான் திருத்தித்தான் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் உனக்கு அகராதி வேண்டியிருக்கும்.

பட்டாளம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்த எண்பத்தேழில் நீ நியூசிலாந்துக்குப் போனாய். க்ருதிகா இரண்டாயிரத்தில், அந்தக் கலகம் முடிந்த கையோடு, உன் ஊருக்கே வந்துவிட்டாள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் விற்பனைப் பலகை தொங்குகிறது. அவளும் அப்போதிலிருந்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பட்டறையை விட்டு வரமாட்டேன் என்றே சொல்லிவந்தவர், இந்த வருஷம் கிருனேஷ் பிறந்தான் என்று போன் வந்ததும் ரிசீவரை வைத்துவிட்டு, “விசாவுக்குக் காகிதம் போடச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். ஏழு வருஷம் நான் சொல்லிக் கேட்காதவரை, மூன்று கிலோ எடையுள்ள பேரன் ஒருத்தன் வாயே திறக்காமல் சம்மதிக்க வைத்துவிட்டான். ஆனால் மறுநாளே ஒரு நிபந்தனை போட்டார். மூக்கைச் சரிபண்ணாமல் விமானம் ஏறமாட்டாராம்.

“பேரனை மடியில வச்சு உச்சி மோக்கணும். வாசன தெரியாம மோந்தா அது என்ன மோக்கறது? புள்ள தலையில மூக்கத் தொடச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

“கொஞ்சம் பொறுத்து மோந்தா என்ன? அவன் எங்க ஓடிப்போறான்?”

“பச்சப்புள்ள வாசன கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள. அப்பறம் எல்லாப் பசங்க மாதிரி வேர்வதான்.”

லவுடோகா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சஞ்சேஷ்னி என்று ஒரு சின்ன வயசு டாக்டர். அவள் இந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். விளக்கு வைத்து உள்ளே பார்த்துவிட்டு, “அங்கிள், ரெண்டு பக்கமும் உரிச்ச திராட்சப்பழம் மாதிரி சதை தொங்குது” என்றாள். இவர் கோபமாக, “நான் திராட்சயே திங்கறதில்லயே!” என்றார். அது தின்று வருவதில்லை, மூக்கின் உள்தோல் வீங்கி வளர்வது, பாலிப் என்று பெயர் என்று பொறுமையாகச் சொன்னாள். மூக்குக்குள் அடிக்க ஸ்ப்ரேயும் சில மாத்திரையும் எழுதிக்கொடுத்து, ஆபரேஷனுக்கும் பெயரைப் போட்டுவிட்டாள். பிறகு தான் ஓர் ஆராய்ச்சி செய்வதாகவும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றும் கேட்டாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நாம் சாப்பிடுவது, மூச்சு விடுவது எல்லாவற்றிலும் உடம்புக்குள் சில முரட்டுத் துகள்கள் உண்டாகுமாம். கண்ட இடத்தையும் கடித்துக் கெடுப்பது அவற்றின் வேலை. அவற்றை அடக்கிவைக்கிற சத்து பழத்திலிருந்தும் கீரையிலிருந்தும் ரத்தத்துக்கு வரும். முரடர் கூடி, அடக்குகிறவர் குறைந்தால் அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். மூக்கில் சதை வளர்கிறவர்களுக்கு அது கூடுதலா என்று பார்க்கிறாளாம்.

“ஸ்ட்ரெஸ்ஸா? எனக்கு ஒரு ஸ்ட்ரெஸ்ஸும் கெடயாது. எல்லாம் இவளுக்குத்தான்” என்று என்னைக் காட்டினார்.

“அது மனசுல வர்ற ஸ்ட்ரெஸ் அங்கிள். இது வேற. இரும்பு துருப்பிடிக்குதே, ஏறக்குறைய அந்த மாதிரி.”

அக்கா, அந்தப் பெண் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். “துருவா!” என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாகத் துருவோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ‘பழமும் கீரையும் நல்லதுதான், ஆனால் அதனால் சதை கரையும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை’ என்று தெளிவாகச் சொன்னாள். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினாள். ஒப்பிட்டுப் பார்க்க மூக்கில் குறை இல்லாதவர்கள் ரத்தமும் வேண்டும், நான் கொடுக்கலாமா, அப்படிப்பட்டவர்களை கண்ட்ரோல் என்பார்கள் என்றாள். “கல்யாணம் ஆனதுலேருந்து அவதாம்மா கண்ட்ரோல்” என்று இவர் சொல்ல, அங்கிருந்த நர்ஸெல்லாம் சிரித்து, எனக்கு ஊசி குத்தியதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். துருவுக்கு ஒரு பூச்சு போதாதாம். காலையில் ஒரு பூச்சு, மத்தியானம் ஒரு பூச்சு, சாயங்காலம் ஒரு பூச்சு. பூச்சு என்றால் கேரட், பப்பாளி, பூசணி, பேலே கீரை. நான் துருவுகிறேன், அவர் தின்கிறார். மார்க்கெட்டில் கேரட் விற்கிற அம்மாள் என்னைக் கண்டாலே, “குதிர எப்படிம்மா இருக்குது?” என்று கேட்பாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் காபி டம்ளரை வாங்க நீட்டிய கையைப் பார்க்கிறேன், உள்ளங்கை மஞ்சள். பாதம் மஞ்சள். மூக்கு நுனி மஞ்சளோ மஞ்சள். பக்கத்து வீட்டு சரோஜ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “அய்யய்யோ சுஷீலா, ஒன் வூட்டுக்காரருக்கு மஞ்சக்காமால!” என்று கூவினாள். அவள் குரல் உனக்குத் தெரியும். இந்த ஊரில் ரேடியோ வருவதற்கு முன்னால் அவள் குடும்பம்தான் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஒருவர் கஷாயம் கொண்டுவந்தார், ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்தார், இன்னொருவர் பெயின்ட் காயாத காரைப் பட்டறையிலிருந்து தானே தள்ளிக்கொண்டு போய்விட்டார். விரலெல்லாம் ஒட்டியிருக்கும்.

இந்த மஞ்சள் கோலத்தோடுதான் விசா மெடிக்கலுக்குப் போனோம். அந்த டாக்டர் இவர் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், திரும்பவும் கையைப் பார்த்தார். “கண்ணு வெள்ளயாத்தான் இருக்கு. கேரட் நிறைய சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். இவர் பெருமையோடு, “மூணு பூச்சு” என்றார். கேரட்தான் காரணம் என்று அவருக்கே தெரிந்தாலும், மஞ்சளாக வந்த மனிதனை அப்படியே அனுப்ப முடியாது, ஈரல் சோதனை செய்து, காகிதம் நியூசிலாந்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். “இன்னும் எத்தன மாசம் ஆவுமோ. புள்ள வளந்துருவான்” என்றார். அன்றைக்கு அவருக்கு நான் கேரட் துருவவில்லை, அவரும் கேட்கவில்லை.

போன வாரம் சஞ்சேஷ்னி டாக்டர் கூப்பிட்டிருந்தாள். முதல் நாள் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருக்கிறது. இவருக்கு முரடர்கள் கூடுதல், அடக்குகிற சத்து குறைச்சல். மூக்கில் சதை உள்ள மற்றவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறதாம். “நான்தான் சொன்னேனே, துரு” என்று இவர் என்னைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, ஒங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்து அங்கிளுக்கு இருக்கறத விட ஒங்களுக்குக் கம்மியா இருக்கு. ஒரு தடவ பாத்த ரத்தத்த வச்சு எல்லாம் சொல்லிட முடியாது. ஆனா கேக்கணும்ல. நீங்க என்ன சாப்பிடுறீங்க?”

அக்கா, யோசித்துப் பார்த்து, “மிச்சம்” என்றேன்.

“என்ன மிச்சம்?”

“சட்டியில இருக்கற மிச்சம். சில நாள் டீயும் பிஸ்கட்டும்.”

“என் கண்ட்ரோலே இப்பிடி இருந்தா நான் எப்பிடி ஆராய்ச்சி பண்றது ஆன்ட்டி?” என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் லவுடோகாவிலிருந்து பா வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் திட்டுவார் என்று தயாராக இருந்தேன், பதிலெல்லாம் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஒரு பப்பாளியை எடுத்து, கார் பம்பரை அறுக்கிற மாதிரி நான்கு துண்டாக அறுத்து, தட்டை என் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தார்.

“தின்னு. நான் பாக்கறேன்.”

“நீங்க?”

“எனக்குப் போதும். மஞ்சளாயிட்டேன்ல. எப்போலேருந்து சாப்பிடாம இருக்கறே?”

“சாப்பிடாம இருந்தா உசுரோட இருப்பனா?”

“சுஷீ.”

அவர் அப்படிக் கூப்பிட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது, உனக்குத் தெரியும். “க்ருதிகா போனதுலேருந்து. தாளிச்சா மணக்குதும்மான்னு அவதான் சொல்லுவா. நீங்க உப்பு இருக்கா, காரம் இருக்கான்னு மட்டுந்தான் கேக்கறீங்க. இந்த வூட்டுல கொழம்பு மணக்குதுன்னு யாரும் சொல்லி ஏழு வருசம் ஆவுது. எனக்கு மட்டும்னு எதப் பண்ணித் திங்கறது?” என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

தன் மஞ்சள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு மூக்குதான் இல்ல. கண்ணு இருந்துச்சு. பாத்துருக்கணும்” என்றார். நான் பப்பாளியைத் தின்றேன், அக்கா. பழம் நல்ல இனிப்பு. ஆனால் அழுதுகொண்டே தின்றால் பப்பாளி உப்புக் கரிக்கும்.

அதிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. பட்டறையிலிருந்து மணிக்கு ஒரு தடவை, “கொய்யா தின்னாச்சா?” என்று கத்துகிறார். வண்டி கொண்டுவருகிறவர்கள் தங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “தின்னாச்சு, தின்னாச்சு” என்று பதில் சொல்கிறார்கள். நேற்று சரோஜிடம், “ஒரு மாசம் பொறு, இவளயும் மஞ்சளாக்கிடறேன்” என்று சபதம் போட்டிருக்கிறார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து என் தட்டைப் பார்க்கிறார். குழம்பை வாயில் வைத்து, கண்ணை மூடி, “மணக்குது” என்கிறார். பச்சைப் பொய். ஆனாலும் நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறேன்.

ஆகையால் அக்கா, நான் முடிவாக எழுதுவது என்னவென்றால், இந்த வருஷம் எங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஈரல் காகிதம் எங்கே கிடக்கிறதோ தெரியாது. ஆபரேஷனுக்கு முறை எப்போது வருமோ அதுவும் தெரியாது. மூக்கு திறக்காமல் இவர் கிளம்பமாட்டார். இந்த மனிதர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்பது கேரட்டுக்கே தெரியும். க்ருதிகாவிடம் நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். என் ரத்தத்தைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடாதே. கைப்பிள்ளைக்காரி, கேட்டால் அழுவாள், பால் வற்றிப்போகும். இது உனக்கும் எனக்கும் உள்ள ரகசியமாக இருக்கட்டும்.

உனக்கும் அத்தானுக்கும் மாரியம்மன் நல்ல மூச்சையும் நல்ல பசியையும் கொடுத்து வைத்திருக்கட்டும். கிருனேஷை என் பங்குக்கு ஒரு தடவை தூக்கிக்கொள்.

உன் பாசமுள்ள தங்கை,
சுஷீலா

பி.கு.: அக்கா, உறையை ஒட்டப் போகும்போது இவர் பட்டறையிலிருந்து வந்தார். க்ருதிகாவோடு போனில் பேசிவிட்டு வருகிறாராம். என் ரத்தத்தைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டாராம். அவள் அழுதாளாம், பக்கத்தில் நீயும் இருந்தாயாம், நீயும் அழுதாயாம், ஸ்பீக்கரில் கேட்டதாம். ஆகவே இத்தனை பக்கத்தில் உனக்குப் புதிதாக இருப்பது என் கையெழுத்து மட்டும்தான். அது போகட்டும். ஈரல் நன்றாக இருக்கிறது, விசா கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னாளாம். தீபாவளிக்கு முன்னால் டிக்கெட் போடச் சொல்லிவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! மேலே முடிவாக எழுதியதையெல்லாம் நீ அடித்துவிடு. “அங்க போனா கொழம்பு மணக்குதுன்னு ஒம் மக சொல்லுவா. நீ சாப்பிடுவே” என்றார். “அப்போ ஒங்க மூக்கு?” என்று கேட்டேன்.

“மூக்கு கெடக்குது புள்ள. நான் உச்சி மோக்கறேன். எப்பிடி மணக்குதுன்னு பக்கத்துல இருந்து நீ சொல்லு” என்றார்.