ஐயாயிரம் மணி நேரச் சான்றிதழ்

"சார், செல்லை ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்கக் கூடாது என்று சோதனைப் பொறியாளரான அவளிடம் சொல்லிவைத்த ஒரே விஷயம் இதுதான். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் செல் அது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். அதனால் ஏழு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை. அது ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக அதன் தலைமேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

இன்றோடு ஐயாயிரம் மணி நேரம். செல்லை வாங்க வந்த பஸ் கம்பெனிக்காரர்கள் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வீட்டில் எல்லோரும் கைநாட்டு. முதல் கையெழுத்தே பொய்க்குப் போவதில் அவளுக்கு இஷ்டமில்லை.

"ஏம்மா, படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்றார் மேலாளர்.

"ஹைட்ரஜன் சிலிண்டர் மீட்டர்ல முள் அசையவே இல்ல சார். நான் சேர்ந்ததுலேருந்து நூத்தைம்பதுலயே நிக்குது."

"மாட்டிக்கிட்டு இருக்கும். வேற மாத்திப் பாரு."

"போன வாரமே மாத்திட்டேன். அதுவும் நூத்தைம்பதுதான்."

மேலாளர் யோசித்தார். சான்றிதழில் 'எரிபொருள் செலவு: மிகக் குறைவு' என்று ஒரு வரி சேர்த்தார்.

"திங்கக்கிழமை வால்வையே மூடிட்டேன் சார். இன்னிக்கு வியாழன்."

"குழாய்ல மிச்சம் இருக்கும்."

'ஹைட்ரஜன் சேமிப்பு: வியக்கத்தக்கது.'

அவள் எட்டிச் செல்லை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

மேலாளர் 'நிறுத்திய பிறகும்' என்று எழுத ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் குனிந்து பல்பின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது நேராகச் சுவர் பிளக்கில் போய் முடிந்தது.

"செல் மொத நாளே செத்துப்போச்சு மேடம்," என்றார் ஏணிமேல் ட்யூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன். "பார்க்க ஆளுங்க வர்றாங்க, சுவர்ல சொருகுன்னு சார்தான் சொன்னார்."

"தற்காலிகமாத்தான்யா சொன்னேன்," என்றார் மேலாளர். "அப்புறம் நல்லா ஓடிச்சு. எடுக்க மனசு வரல. நீ கையெழுத்தைப் போடும்மா. ஐயாயிரம் மணி நேரம் எரிஞ்சதா, இல்லையா?"

"எரிஞ்சது."

அவள் சான்றிதழில் இருந்த எல்லா வரிகளையும் கோடு போட்டு அடித்தாள். 'சுவர் மின்சாரத்தில் ஒரு குண்டு பல்பு ஐயாயிரம் மணி நேரம் இடைவிடாமல் எரிந்தது. நானே பார்த்தேன்' என்று எழுதி, முழுப் பெயரையும் நிதானமாகப் போட்டாள். அடையாள அட்டையைக் கழற்றிச் செல்மேல் வைத்தாள்.

"எங்கம்மா போற?"

"பஸ்காரங்க கையில ரிசல்ட்டைக் குடுத்துட்டு, அப்படியே வீட்டுக்கு."

கதவைத் தாண்டிவிட்டாள். எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து அவசரமாக இறங்கினார்.

"மேடம், மேடம்! அந்த வரியையும் அடிச்சிடுங்க. நீங்க காலையில வர்றதுக்கு முன்னாடி, இதுவரைக்கும் அஞ்சு பல்பு மாத்தியிருக்கேன்."