கோணல் சுவர் வீழ்த்திய பரணி

செங்கல் சுமந்து சிவந்த தோளனை, சுண்ணாம்பு தெறித்த மீசையனை, பிடி கழன்ற கரண்டியையும் பிடிவாதம் கழலாமல் ஏந்திய கையனைப் பாடுகிறோம். கட்டடத் தொழிற்பயிற்சிக் கூடம் என்னும் பெருங்களத்தில், கொத்துவேலைப் பிரிவு என்னும் படையணியில் நின்று, தான் எழுப்பிய சுவர் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு திசைக்கு வணக்கம் சொல்லும்படி எழுப்பியதனால் ‘கோணல்’ என்னும் விருதுப்பெயர் சூடி, பெற்றோர் இட்ட பெயரைத் தானே மறந்துபோன மாவீரன் அவன். ரசமட்டத்துக் கண்ணாடிக் குழலுள் வீற்றிருக்கும் குமிழ்த் தெய்வமே, நடுவில் நில் என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் உன் இஷ்டத்துக்கு ஓரம் போகும் பெருமாட்டியே, இந்தக் கதை முடியும்வரையாவது எங்கள் பக்கம் இரு. தூக்குக்குண்டின் நூலே, நீயும் கொஞ்சம் ஆடாமல் இரு.

அக்களத்தின் போர்மரபை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே பயிலும் கொத்தர் எவரும் சிமெண்டால் சுவர் எழுப்புவதில்லை. சுண்ணாம்பும் மணலும் குழைத்த வலுவற்ற கலவையால் காலையில் கட்டுவர், நூல் பிடிப்பர், மட்டம் பார்ப்பர், திட்டு வாங்குவர், மாலையில் தாம் கட்டியதைத் தாமே தள்ளிவிட்டு, செங்கல்லைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு வீடு திரும்புவர். செங்கல்லுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கக் கூடம் கண்ட வழி அது. ஆகையால் அங்கே பிறந்த எந்தச் சுவரும் இரண்டாம் நாள் வெயிலைக் கண்டதில்லை.

நம் தலைவனோ தேர்வில் இருமுறை தோற்றவன். முதல்முறை எழுப்பிய சுவர் கிழக்கே சாய்ந்தது. இரண்டாம்முறை, கிழக்கே சாயக் கூடாது என்ற வைராக்கியத்தில் எழுப்பியது மேற்கே சாய்ந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுவரின் முதல் வரிசையை மட்டம் பார்த்து வைக்கும் பொறுமை அவனுக்குக் கிடையாது. அடியில் செய்த அவசரத்தை மேலே வந்து சரிக்கட்டலாம் என்பது அவன் கொள்கை. மூன்றாம் தேர்வு திங்கட்கிழமை. நான்காவதற்கு விதியில் இடமில்லை. கட்டட வேலை எடுத்துச் செய்யும் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், சோற்றில் கை வைத்தபடியே தன் பேரறிக்கையை வெளியிட்டுவிட்டார்: “பாஸானா கரண்டியோட வா, மாப்ள. பாஸாகலன்னா கலவைச் சட்டியோட வா. ரெண்டுக்கும் எங்கிட்ட எடம் இருக்கு.” கரண்டி பிடித்தவன் கொத்தனார், சட்டி சுமந்தவன் கொத்தனாருக்கு எடுபிடி.

வெள்ளிக்கிழமை மாலை. கடைசி ஒத்திகை. சக வீரர்கள் குனிந்து நிமிர்ந்து சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருக்க, நம் தலைவனின் கழுகுப் பார்வை களத்தின் மறுகோடியில் பதிந்தது. ஆங்கே சாக்கு போர்த்திய தகரத் தட்டில், ஆறிய நெய்போல் வழவழத்து, கட்டியின்றி, திப்பியின்றி, யாரோ குழைத்து வைத்த கலவை தன்னந்தனியே கிடந்தது. சுண்ணாம்புக் கலவை வெளுத்திருக்குமே, இது ஏன் சாம்பல் நிறம் என்று அறிவு கேட்டது. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று சோம்பல் பதில் சொன்னது. இவ்விருவர் வழக்கில் அன்றும் சோம்பலே வென்றது. உரியவர்கள் டீ குடித்துத் திரும்புமுன் தட்டு காலியாகிவிட்டது.

இடுப்புயரம் எழுந்தது சுவர். அது நின்ற அழகை என்னென்பது. தூக்கம் வழிய பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளைத் தேடுபவன் எப்படிச் சரிவானோ அப்படிச் சரிந்து நின்றது. மணி அடித்தது. மரபுப்படி அதைத் தள்ளியிருக்க வேண்டும். ‘திங்கக்கெழம வந்து ஒரு தட்டு தட்டுனா விழப்போவுது’ என்று தனக்குத்தானே ஆணை பிறப்பித்துக்கொண்டு தலைவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்தத் தட்டில் இருந்தது சிமெண்டு. டைல்ஸ் பிரிவினர் தரை போடுவதற்காக அளந்து, சலித்து, குழைத்து வைத்த உயர்தரக் கலவை. சனிக்கிழமை மழை பெய்தது. ஞாயிறும் விட்டு விட்டுத் தூறியது. புதுச் சிமெண்டுக்கு நீராட்டினால்தான் வலு ஏறும் என்பதைக் கொத்தர் மறந்தாலும் மேகம் மறப்பதில்லை. கறுத்துத் திரண்டு வந்த மேகக்கூட்டம், தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அக்கோணல் சுவரைப் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

திங்கள் புலர்ந்தது. கூட்டிப் பெருக்கிய களத்தில், சுண்ணாம்புக் கோடு கிழித்துப் பிரித்த கட்டங்களில், ஆளுக்கொரு கட்டமாகப் படை அணிவகுத்தது. எல்லாக் கட்டமும் வெறிச்சிட்டிருக்க, கடைசிக் கட்டத்தில் மட்டும், மாமனார் வீட்டில் விருந்து முடிந்தும் கிளம்பாத மாப்பிள்ளைபோல அந்தச் சுவர் நின்றது. கொத்துவேலை கற்பிக்கும் மேடம், ஊதல் ஊதி ஊதி நரம்பு புடைத்த கழுத்தினர், முன்வந்து முழங்கினார்: “தேர்வாளர் பத்து மணிக்கு வர்றார். அதுக்குள்ள கட்டம் காலியா இருக்கணும். இல்லன்னா பேர அடிச்சிருவேன், அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.” கோணல் சிரித்தான். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால், ஈ விரட்டும் அலட்சியத்தோடு சுவரைத் தள்ளினான். சுவர் அசையவில்லை.

இரு கையாலும் தள்ளினான். தோளால் தள்ளினான். முதுகு கொடுத்து, குதிகால் மண்ணில் பள்ளம் பறிக்க, கழுத்து நரம்பு கயிறாகத் தள்ளினான். பின்னர் ஐந்தடி பின்வாங்கி, களிறு கோட்டைக்கதவில் பாய்வதுபோல் பாய்ந்து ஓர் உதை உதைத்தான். அவ்வுதையால் மூவுலகும் நடுங்கியதாகப் பாட ஆசைதான். நடுங்கியது அவன் பெருவிரல் ஒன்றே. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி அவன் வெளியிட்ட அறைகூவல் இது: “யாராச்சும் ஒரு சுத்தியல் குடுங்கப்பா.”

சுத்தியல் வந்தது. தச்சுப் பிரிவினர் சென்ற வாரந்தான் அதற்குப் புதுப்பிடி செருகியிருந்தனர், அதுவும் பயிற்சிக்காக. முதல் ஓங்கலிலேயே தலை தனியே கழன்று, விண்ணேகி, வயரிங் பிரிவின் தகரக் கூரையில் இறங்கியது. “என்னடா சத்தம்” என்று அப்பிரிவினர் திரண்டு வந்தனர். குழாய்ப் பிரிவினர் கையில் பைப் ரென்ச்சுடன் வந்தனர்; சுவரில் திருகுவதற்கு எதுவுமில்லை என்பதைக் கண்டும் திரும்பிப் போக மனமின்றி நின்றனர். வெல்டிங் பிரிவிலிருந்து வந்தவன் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் “நல்லாத்தான கட்டியிருக்கே, ஏன் இடிக்கிற?” என்றான். நால்வகைப் படையும் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, மணி ஒன்பதைத் தாண்டியது.

உண்மையைச் சொன்னால், அப்போதுதான் நம் வீரனுக்கு மச்சானின் பேரறிக்கை நினைவுக்கு வந்தது. சட்டி சுமந்தபடி மச்சானின் கட்டடத்தில் தான் ஏணி ஏறுவதும், மேலிருந்து யாரோ “சீக்கிரம் கொண்டாய்யா” என்று அதட்டுவதும் அவன் கண்ணில் வந்து போயின. அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவ்வேளை, கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பளிங்குத்தளம் பரப்பும் பாவை, நான்கு மூலையும் நகக்கண் அளவும் பிசகாமல் டைல்ஸ் பதிக்கும் நங்கை, முழங்கால் இரண்டிலும் ரப்பர்க் கவசம் பூண்டு வந்து நின்றாள். அவள் டைல்ஸ் பிரிவின் முதல் மாணவி. நம் தலைவனின் மனைவியும் அவளே.

சுவரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். குனிந்து, இரு செங்கல்லுக்கிடையே இருந்த சாம்பல் கோட்டை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம எங்க கலவைய எடுத்தது நீங்கதானா? நாங்க பாவம் அந்த வாட்ச்மேன்கிட்ட சண்ட போட்டோம்.”

“சுண்ணாம்புன்னு நெனச்சு...”

“நான் கலந்ததப் பாத்தா சுண்ணாம்பு மாதிரியா இருக்கு?”

அவள் கோபமாகத்தான் தொடங்கினாள். ஆனால் பதித்த டைல்ஸ் அடியில் கலவை நிறையாமல் பொக்கை விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவள் தொழில் வழக்கம். அந்தக் கை சும்மா இருக்குமா? விரல் முட்டியால் சுவரை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டினாள். எங்கு தட்டினாலும் கெட்டிச் சத்தம். அவள் முகத்தில், இடம் பொருள் பார்க்காமல், ஒரு பெருமிதம் பரவியது.

“பாருங்க மேடம்,” என்றாள் ஊதல் ஏந்திய தலைவியை நோக்கி, “ஒரு எடத்துலகூட பொக்கையா இல்ல.”

“உன் கலவைக்கு மார்க் போட நான் இங்க நிக்கல. மணியப் பாரு,” என்றார் மேடம்.

பாவை படைத்தலைமை ஏற்றாள். உடைக்க முற்படாதீர், அடி வரிசையைத் தரையிலிருந்து பெயர்த்தெடுங்கள், அது சாய்ந்த பக்கமே அதைச் சாயுங்கள் என்பது அவள் வகுத்த வியூகம். சாயும் பக்கத்தில் அவளுடைய பிரிவார் பதித்த புதுத் தரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது அதிர்ந்து விரிசல் விட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே விழும் இடத்தில் மணலைக் கொட்டச் சொன்னாள். கொட்டிய மணல் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதை அவள் கண்கள் பொறுக்கவில்லை. அந்த அவசரத்திலும் மண்டியிட்டு, மட்டப்பலகையால் இழுத்து, வழக்கப்படி ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருப்தியான பிறகே எழுந்தாள். “சுவர் விழுறதுக்கு எதுக்கும்மா மட்டம்?” என்று குழாய்ப் பிரிவு கேட்டது.

உளிகள் அடியில் பாய்ந்தன. கடப்பாரைகள் நுழைந்தன. தச்சரும் குழாயரும் வயரிங் வீரரும் தோளொடு தோள் நெருக்க, கோணல் நடுநாயகமாகக் கடப்பாரை பற்றி, ஒரு மாலைச் சோம்பலுக்கு ஒரு காலை முழுதும் வட்டி கட்டுகிறோமே என்று உள்ளூர நொந்தபடி, பல் கடித்து, கண் பிதுங்க, “ஏலே... தூக்கு” என்று முழங்க, பெருமூச்சு விட்டது சுவர். அசைந்தது. தயங்கியது. பின், நெடுநாள் நின்ற கால்வலி தாங்காமல் மெத்தையைக் கண்டவர் சாய்வதுபோல, முழுசாக, ஒரு செங்கல்லும் பிரியாமல், ஒரே பலகையாக மணலில் படுத்தது. கட்டத்தை நிறைத்துக்கொண்டு படுத்தது.

மகிழ்ச்சிக் கூச்சல் பாதியிலேயே நின்றது. நின்ற பகைவன் படுத்த பகைவன் ஆனானே தவிர, கட்டத்தை விட்டு வெளியேறவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் ஓரம்கூட எழும்பவில்லை. வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. தேர்வாளர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கோணல் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். மனைவி அருகில் வந்து, கையிலிருந்த ரசமட்டத்தைச் சுவரின்மேல் வைத்தாள். குமிழ் இங்கும் அங்கும் ஓடவில்லை. நேரே நடுவில் போய் நின்றது. குறுக்கே வைத்தாள், அப்போதும் நடு. அவன் குனிந்து பார்த்தான். தன் சுவர் ஒன்றின்மேல் அந்தக் குமிழ் நடுவில் நிற்பதை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

“முதல் வரிச மட்டமா இருக்கு,” என்றாள் அவள். “மேலயே கட்டுங்க.”

தேர்வாளர் கட்டம் கட்டமாக வந்து கடைசியில் நின்றார். “என்னம்மா இது, மேடையா?”

மேடம் கண்ணிமைக்காமல் “அஸ்திவாரம் சார்,” என்றார்.

தேர்வாளர் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்தார். “கெட்டியா இருக்கே. சரி, ஆரம்பிங்க.”

அதன்பின் நடந்ததைப் பாட நாவு போதாது. சுண்ணாம்பைத் தானே குழைத்தான் கோணல். முதல் வரிசையில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் மட்டம் பார்த்தான். அவசரம் வந்து காதில் ஊதியபோதெல்லாம் வாசலில் நின்ற முழங்கால் கவசத்தைத் திரும்பிப் பார்த்தான். வரிசைமேல் வரிசை ஏறியது, நூல் இழுபட்டது, இணைப்புகள் மேலும் கீழும் மாறி மாறி அமைந்தன. மதியம் தேர்வாளர் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலும் சுவரும் அக்கம்பக்கமாக நின்றன. மேலே ஒரு விரற்கடை. நடுவில் ஒரு விரற்கடை. கீழே குனிந்தார், நால்வகைப் படையும் மூச்சை அடக்கியது, அங்கும் அதே விரற்கடை. பேனாவை எடுத்தார். “பாஸ்.”

எழுந்தது ஆரவாரம். தச்சர் பலகை தட்டினர். வெல்டிங் வீரன் தீப்பொறி சொரிந்தான். மேடத்தின் ஊதல் தானே ஊதிக்கொண்டது. கிழக்கும் மேற்கும் இதுவரை பெற்ற வணக்கங்களையெல்லாம் திருப்பித் தந்து தலைதாழ்த்த, வான்நோக்கி நிமிர்ந்து நின்றது அந்த நேர்ச்சுவர். சாயங்காலம்வரை கோணல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தள்ளி நின்று பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மனைவியைக் கூட்டி வந்து நிறுத்தினான். “நல்லாப் பாத்துட்டியா?” என்றான். “பாத்துட்டேன்,” என்றாள் அவள். கீழே கிடந்த கோணல் சுவரை யாராலும் அசைக்க முடியாததால் அது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று மேடம் விட்டுவிட்டார்.

ஐந்து மணிக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று வாட்ச்மேன் சொன்னதால், கோணல் அந்த நேர்ச்சுவரைத் தானே தள்ளிவிட்டு, செங்கல்லைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.