ஒரு லோட் சல்லி

பொக்கற்றில் மிச்சக் காசு இருக்கும்போது மனிதனுக்குக் காது மந்தமாகிவிடும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. காசு இல்லாதவன் யார் என்ன சொன்னாலும் கவனமாகக் கேட்பான், விளங்காவிட்டால் இன்னொரு தரம் கேட்டுத் தெளிவான். காசு உள்ளவனோ பாதிக் கதையிலேயே "விளங்குது, விளங்குது" என்று தலையாட்டிவிடுவான்.

மிச்சக் காசு எனக்குப் பழக்கமில்லாத சாமான். பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு தருவார். ஐஸ்பழத்துக்குக் கொஞ்சம் கூடக் கேட்டால், "வீட்டில மோர் இருக்குத்தானே, வந்து குடி" என்பார். ஐஸ்பழத்துக்கும் மோருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற துணிவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருக்கவில்லை. வயல் வரம்பால் நடந்து போய் பஸ் காசை மிச்சம் பிடித்து, அந்த ஐஸ்பழத்தை வாங்கிச் சூப்பிக்கொண்டு வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

பிறகு வவுனியா டவுனில் கட்டடப் பொருட்கள் விற்கிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் வந்த வழியே லீசிங் தவணைக்குப் போய்விடும். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டி முடித்த மாதம்தான் முதன்முதலாக என் பொக்கற்றில் கொஞ்சம் காசு படுத்துக் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குரல்கூடக் கொஞ்சம் தடித்துவிட்டது என்று கடைப் பொடியன்கள் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் நான் சுகந்தியை விரும்பிக்கொண்டிருந்தேன். நெளுக்குளத்துப் பெண். தண்ணீர்ப் பைப்புக்கு வாஷர் வாங்கக் கடைக்கு வந்தவள். (வாஷர் பிழையான அளவில் கொடுத்ததால் மறுநாளும் வந்தாள். வேண்டுமென்றே செய்தேன் என்று அவள் இன்றும் சொல்கிறாள். உண்மையில் தெரியாமல்தான் கொடுத்தேன்.) அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டி வயல் செய்த குடும்பம். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்த குடும்பம். எங்கள் வீட்டில் "மலைநாட்டு ஆக்களோ..." என்று இழுத்தார்கள். அவர்கள் வீட்டில் "யாழ்ப்பாணத்து ஆளுங்களா..." என்று இழுத்தார்கள். சுகந்தியின் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கண்டால் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

"அப்பா ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்க மாட்டார். உங்களிட்ட ஏதாவது கேட்டாரெண்டால், உங்களைத் தன்ர ஆளா எடுத்திட்டார் எண்டு அர்த்தம்" என்று சுகந்தி, பள்ளிக்கூடத்தில் பழகிய எங்கள் பேச்சில், சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் கடையில் கணக்கு முடிக்கிற நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, நான் சுகந்தி அப்பா பேசுறேன்."

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "சொல்லுங்கோ ஐயா."

"வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. கொஞ்சம் சல்லி தேவப்படுது. அதான் ஒங்ககிட்ட..."

கேட்டுவிட்டார்! என் நெஞ்சு கொங்கிரீட் மிக்ஸர் மாதிரிச் சுற்றியது. ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றால் வீடு கட்டுகிற மேசன்மார்தான், வேறு யார்? "விளங்குது ஐயா, விளங்குது. முக்காலோ, அரையோ?" என்றேன். முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியா, அரை அங்குலச் சல்லியா என்பது எங்கள் கடைக் கேள்வி.

"முக்காலெல்லாம் வேணாம் தம்பி. ஒங்களுக்கும் செலவு இருக்குமில்ல. அரையே பெருசு."

"விடிய நானே கொண்டு வாறன்."

"ரொம்ப சந்தோசம். யாருக்கும் தெரியாம குடுத்துருங்க தம்பி."

கல் ஏற்றிப் போனால் வழியில் பெர்மிட் கேட்டு மறிப்பார்களே, அதற்குத்தான் மனிதர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "பொலிஸ் மறிச்சாலும் என்னட்ட பில் இருக்கு ஐயா. பயப்பிடாதேங்கோ" என்றேன். அவர் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். (பொலிஸ் எதற்கு வரும் என்று யோசித்து அன்றைக்கு மனிதர் சாப்பிடவே இல்லையாம்.)

மறுநாள் காலை என் மிச்சக் காசு முழுவதும் அரை அங்குலச் சல்லியாக மாறி ட்ரக்டர் பெட்டியில் ஏறியது. வெள்ளைச் சேர்ட் போட்டு, பவுடர் பூசி, ட்ரக்டருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். அந்தத் தூசியில் பவுடர் பூசியது என் அறிவுக்கு ஒரு சாட்சி.

கேற்றடியில் நின்று பார்த்தால் வளவுக்குள் ஒரு வேன் நிற்கிறது. பக்கத்தில் பட்டுச் சேலைகள், புது வேட்டிகள், தலை நிறையப் பூ வைத்த சின்னப் பிள்ளைகள். என்னை வரவேற்கத்தான் உடுத்து நிற்கிறார்கள் என்று ஒரு கணம் நம்பினேன். உள்ளே இடமில்லாததால், "கேற்றடியிலயே கொட்டுங்கோ அண்ணை" என்றேன். ட்ரக்டர்காரர் பெட்டியைத் தூக்கினார். ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு சல்லி கொட்டுண்டு, வேன் வெளியே போகிற ஒரே பாதையை அடைத்தது.

"என்னாங்க தம்பி இது?" என்றார் சுகந்தியின் அப்பா.

"நீங்கள் கேட்ட சல்லி ஐயா. அரை. திறமான கல்லு."

சுகந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா கேட்டது காசு! எங்கட வீட்டில சல்லியெண்டால் காசு!"

எனக்கு அது தெரியாததல்ல. சந்தையில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஆனால் நாள் முழுக்கக் கல் விற்கிறவன் காதில் கல்தான் விழுந்தது. நடந்தது இதுதான்: மலையகத்து அட்டனிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், எல்லோரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறார்கள், நெல் இன்னும் விற்கவில்லை. கோயிலடியில் பிள்ளைகள் காப்பு, ஐஸ்கிரீம் என்று கேட்டால் வாங்கிக் கொடுக்கக் கையில் கொஞ்சம் காசு வேண்டும். அதைத்தான் வெட்கத்தை விட்டு என்னிடம் கேட்டிருக்கிறார். முக்காலோ அரையோ என்று நான் கேட்டதை, என் கையில் உள்ள காசில் எத்தனை பங்கு என்று எடுத்திருக்கிறார்.

பொக்கற்றைத் தடவினேன். சல்லியெல்லாம் சல்லியாகிக் கிடந்தது.

சுகந்தியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தார். பட்டுச் சேலைகள் கல் நிரப்பிய இரும்புத் தாச்சி தூக்கின. நானும் அள்ளினேன். பிள்ளைகள் "பொங்கல் முடிஞ்சிருமா?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். என் கல்யாணம் இந்தக் கல்லுக்குக் கீழே போய்விட்டது என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் ட்ரக்டர்காரரிடம் போய், கொடுத்த கூலியையே கைமாற்றாகக் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்க சுகந்தியின் அப்பாவிடம் நீட்டினேன். அவர் காசைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பவுடரும் தூசியும் குழைந்திருந்த என் முகத்தைப் பார்த்தார். அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வேன்ல ஏறுங்க தம்பி. பிள்ளைங்களுக்கு நீங்களே வாங்கிக் குடுங்க."

ஒரு கிழமை கழித்து மறுபடி போன் எடுத்தார். "தம்பி, சல்லி சும்மா கெடக்குது. மழைக்கு முன்னாடி ஒரு ரூம் எடுக்கலாம்னு பாக்குறேன். ஒங்க அம்மாவ ஒரு நட வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

"சீமெந்து எத்தினை பை வேணும் ஐயா?" என்றேன்.

அந்தப் பக்கம் சுகந்தி அப்பாவிடமிருந்து போனைப் பறித்தாள். "ஐயோ, உங்களைப் பொம்பிளை கேட்டு வரச் சொல்லுறார்!"

அந்த அறையில்தான் இப்போது குடியிருக்கிறோம். எங்கள் மகளுக்கு இரண்டு வீட்டுப் பேச்சும் கலந்து வாய்த்திருக்கிறது. காலையில் பள்ளிக்கூடப் பையோடு வந்து, "அப்பா, கன்டீனுக்குச் சல்லி தாங்கோ" என்று கையை நீட்டுவாள். உடனே உள்ளேயிருந்து, இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட சுகந்தியின் அப்பாவின் குரல் வரும்:

"காசுன்னு கேளும்மா! ஒங்கப்பா ட்ரக்டர் புடிச்சிட்டு வந்துருவாரு!"